முகாமுக்குள் ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு

நீங்கள் கேட்டது இது: வெள்ளம் வடிந்து ஐந்து நாள் ஆகிறது. இருபது தன்னார்வலர்கள் இருக்கிறீர்கள். நால்வர் உளவியல் படித்தவர்கள். நிவாரண முகாமில் இருப்பவர்களைப் பத்துப் பத்துப் பேராக வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கும் என்று நினைக்கிறீர்கள். எப்படித் தொடங்குவது, எத்தனை நாள் நடத்துவது?

தொடங்கவேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். உங்கள் நல்லெண்ணத்தில் குறை காணவில்லை. முதன்முதலில் முகாமுக்குப் போனபோது நானும் இதைத்தான் செய்தேன். அழுதவர்களைப் பார்த்து "வேலை நடக்கிறது" என்று நம்பினேன். மறுநாள் காலையில் அந்த வட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனதற்குப் பிறகுதான் புத்தி வந்தது.

இந்த வட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்புப் படையினர், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றவர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். கோரமான சம்பவத்தைக் கையாண்டு திரும்பும் குழுவை இரண்டு மூன்று நாட்களுக்குள் கூட்டி, கண்டதையும் உணர்ந்ததையும் படிப்படியாகப் பேசவைக்கும் முறை அது. ஒன்றாக வேலை செய்து பழகிய, பயிற்சி பெற்ற ஆட்களுக்கென்று பிறந்தது, பின்னர் விபத்தில் அடிபட்டவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் என்று பரவிவிட்டது. முறையாகச் சோதித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. 1997-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், தீக்காயத்துடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படி ஒருமுறை பேச்சு அமர்வு நடத்தினார்கள், மற்றவர்களுக்கு நடத்தவில்லை. 13 மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் இருந்தது. பெறாதவர்களில் 9 சதவீதம். அமர்வு பெற்றவர்களின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பலன் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வுகளும் இதையே சொல்லின. ஒருமுறை கூட்டிப் பேசவைத்து நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணத்தை உலக சுகாதார நிறுவனமும் ஏற்கவில்லை.

ஏன் என்பதற்கு என் அனுபவம் சொல்லும் காரணம் எளிமையானது. முதல் நாட்களில் மனம் தனக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவைத்தான் திறந்து பார்க்கும். சிலர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள். சிலர் வாயே திறக்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுமே காப்புத்தான். வட்டத்தில் உட்காரவைத்தால், தேய்த்துக்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துகிறோம். அவர் தன் கதையோடு, பக்கத்தில் இருப்பவர் கண்ட சாவையும் சுமந்துகொண்டு எழுந்து போகிறார். நாமோ மாலை வண்டியில் ஏறிவிடுகிறோம்.

இன்னொன்று. முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. தூக்கம் வராது, வந்தால் கெட்ட கனவு வரும். மழைச்சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். பசிக்காது. காரணமில்லாமல் எரிச்சல் வரும். தான் மட்டும் பிழைத்தோமே என்று குற்ற உணர்வு அரிக்கும். வளர்ந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகத் தணிபவை. 2004 சுனாமிக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் திட்டமிடலுக்காக ஒரு தோராயக் கணக்கு தந்தது. சாதாரண காலத்தில் ஓர் ஆண்டில் மக்களில் 2 முதல் 3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனநோய் இருக்கும். பேரிடருக்குப் பின் அது 3 முதல் 4 சதவீதம் ஆகலாம். மிதமான, இலேசான மனநலக் கோளாறுகள் 10 சதவீதத்திலிருந்து 15, 20 சதவீதம் வரை போகலாம். காலப்போக்கில் அதிலும் ஒரு பகுதி தணியும். ஆக, நூறு பேர் இருக்கும் கூடத்தில் மருத்துவர் தேவைப்படுகிறவர்கள் சிலர். துணையும் ஒழுங்கும் தேவைப்படுகிறவர்கள் நூறு பேருமே.

அந்த ஒழுங்கைத்தான் நான் மனநல உதவியின் பெரும்பகுதி என்பேன். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட நெருக்கடிகால மனநல வழிகாட்டி இதை நான்கு அடுக்குக் கூம்பாகக் காட்டுகிறது. அகன்ற அடித்தளத்தில் இருப்பவை உணவு, தண்ணீர், தங்குமிடம், பாதுகாப்பு. அவற்றை மானம் போகாமல் தருவதும் அதில் அடக்கம். அதற்கு மேல் குடும்பமும் அக்கம்பக்கமும். அதற்கு மேல் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் தரும் கவனிப்பு. உச்சியில்தான் மனநல மருத்துவரும் உளவியலாளரும். நீங்கள் இருபது பேரும் உச்சிக்கு ஏறப் பார்க்கிறீர்கள். கீழே ஆள் இல்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த முகாம். வராந்தாத் தூணில் மீட்கப்பட்டவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. ஐம்பது வயது இருக்கும் ஒருவர் கால் மணிக்கு ஒருமுறை எழுந்து வந்து அதைப் படிப்பார். மேலிருந்து கீழாக விரலை வைத்து ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு வருவார். மூன்று நாள் அவர் கண்மூடவில்லை. எங்களில் இருவர் பேசிப் பார்க்கப் போனார்கள், எழுந்து போய்விட்டார். நான்காம் நாள் முகாம் பொறுப்பாளர், உளவியல் எதுவும் படிக்காதவர், ஓர் அட்டையில் எழுதித் தூணில் கட்டினார்: "அடுத்த பட்டியல் மாலை 4 மணிக்கு. அதற்கு முன் புதிய தகவல் வராது. நாளை காலை 9 மணிக்கு மறுபடியும்." மாலை 4 மணிக்குப் புதிய பெயர் ஒன்றும் வரவில்லை. "புதிய பெயர் இல்லை" என்று அதையும் எழுதி ஒட்டினார். அன்று இரவுதான் அந்த மனிதர் படுத்தார்.

2007-இல் ஸ்டீவன் ஹாப்ஃபோல் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பேரிடருக்குப் பின் மக்களுக்கு வேண்டியவை ஐந்து என்றார்கள்: பாதுகாப்பு, அமைதி, தம்மால் முடியும் என்ற உணர்வு, மற்றவர்களோடு தொடர்பு, நம்பிக்கை. அந்த அட்டையை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அமைதி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ஆகவே முதல் வேலையாக முகாமை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயம் எந்த ஆலோசனையிலும் தீராது. உடைமாற்ற மறைவிடம் உண்டா? உணவு வரிசையில் சண்டை எதனால் வருகிறது? நடக்கமுடியாதவருக்கு யார் வாங்கித் தருகிறார்கள்? நிவாரணத்துக்கு எந்தச் சான்று வேண்டும், யாரிடம் போகவேண்டும் என்பது ஓரிடத்திலாவது எழுதியிருக்கிறதா? இவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமலிருக்கலாம். அதிகாரம் உள்ளவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டே இருப்பதும் வேலைதான். முகாமில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். சமைக்கத் தெரிந்தவர் சமைக்கட்டும், எழுதத் தெரிந்தவர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். கையேந்தி நிற்பதே நாள் முழுக்க வேலையாகிப்போனால் நிமிர்ந்த முதுகும் வளைந்துவிடும்.

அக்கம்பக்கத்தைப் பற்றி ஜப்பான் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தற்காலிக வீடுகளை ஒதுக்கியபோது முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. ஆனால் நாற்பது வருடம் அடுத்தடுத்த வாசலில் வாழ்ந்தவர்கள் வேறு வேறு மூலைகளுக்குச் சிதறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வீடுகளில் 200-க்கும் மேற்பட்டோர் யாரும் அறியாமல் தனியே இறந்து கிடந்தார்கள். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, மியாகி மாகாணத்தின் இவானுமா நகரில் இதைத் துல்லியமாகப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே முதியவர்களிடம் பேரிடருக்கு ஏழு மாதம் முன்பே ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தது. சிலர் குலுக்கலில் தனித்தனியாகவும், சிலர் தெருவோடு கூட்டமாகவும் இடம்பெயர்ந்தார்கள். தனியாகப் போனவர்களிடம் மற்றவர்களோடு பழகுவதும் பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதும் குறைந்தன. கூட்டமாகப் போனவர்களிடம் அவை கூடின. இதில் உங்களுக்குள்ள பாடம் சிறியது, உடனே செய்யக்கூடியது: முகாமில் யாரை எந்த அறையில் போடுவது என்று முடிவாகும் இடத்தில் ஒருவர் நின்று, "இவர்கள் ஒரே தெரு" என்று சொல்லுங்கள்.

இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் விஷயத்தில் நிதானமாக இருக்கவேண்டும். பேரிடர் நடந்ததும் "பிணங்களால் கொள்ளைநோய் வரும்" என்று ஒரு பயம் கிளம்பி, அடையாளம் காணாமலே குழிதோண்டி மொத்தமாகப் புதைத்துவிடுவார்கள். வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ காயத்தால் இறந்தவர்களின் உடலால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை. உடலைக் கையாளும் ஊழியர்கள் கையுறை முதலிய கவனத்தோடு இருந்தால் போதும், குடிநீரில் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அவசரப்பட்டுப் புதைத்தால் குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கேள்வி மிஞ்சும். ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம், உடுத்தியிருந்த உடை, அணிந்திருந்த பொருள் பற்றிய குறிப்பு, புதைத்த இடம் — இந்த நான்கைந்து தகவலைப் பதிவுசெய்யும் ஊழியர், தான் அறியாமலே மனநலப் பணி செய்கிறார்.

உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் வேறு மாதிரி. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். இருக்கிறார் என்று நம்பினால் காத்திருக்கவேண்டும், இல்லை என்று ஒப்பினால் கைவிட்டதாகத் தோன்றும். ஜப்பானில் 2011 சுனாமியில் 2,500-க்கும் மேற்பட்டோர் இன்னும் காணாமற்போனவர்கள் கணக்கில்தான் இருக்கிறார்கள். அங்கே ஒட்சுச்சி என்ற ஊரில் இதாரு சசாகி என்பவர், இறந்துபோன தன் உறவினரோடு பேசுவதற்காக 2010-இல் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு அமைத்திருந்தார். உள்ளே பழைய சுழல்வட்டத் தொலைபேசி. கம்பி எங்கும் போகாது. சுனாமிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வந்து அந்த ரிசீவரை எடுத்துப் பேசினார்கள். அங்கே யாரும் யாரையும் பேசவைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தோன்றும்போது, தோன்றியதைப் பேசினார்கள். வட்டத்துக்கும் கூண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். காணாமற்போனவரின் குடும்பத்திடம் "இனி வரமாட்டார், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. "வந்துவிடுவார்" என்று சொல்லவும் இல்லை.

சரி, ஒருவர் பக்கத்தில் போய் உட்காரத்தான் வேண்டும் என்றால் எப்படி? உளவியல் முதலுதவி என்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட களக் கையேடு அதை மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. கேள் என்றால் காதுகொடுப்பது. இணை என்றால் வேண்டிய உதவியோடு சேர்த்துவைப்பது. மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஒருநாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் இருபது பேரும் முகாமுக்குள் கால்வைக்கும் முன் அந்தப் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

பேச்சில் கவனிக்கவேண்டியது கொஞ்சம்தான். பெயரையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். "இப்போது உடனடியாக என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நிறுத்தினால் தூண்டாதீர்கள். "உயிர் பிழைத்ததே பெரிது", "அழாதீர்கள், தைரியமாக இருங்கள்", "எல்லாம் நன்மைக்கே", "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" — இந்த நான்கையும் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். கடைசி வாக்கியம் நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் முதுகுப்பை மாட்டிய இருபத்திரண்டு வயதுக்காரர் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "நாளை பதினொரு மணிக்கு வருகிறேன்" என்றால் பதினொரு மணிக்கு வந்து நில்லுங்கள். கேட்டதை முகாமில் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. ஒரு முகாமில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. வெள்ளைத்தாளையும் வண்ணப்பென்சில் பெட்டியையும் அவள் முன்னால் வைத்ததும், யாரும் எதுவும் சொல்லும் முன்பே நீலத்தை எடுத்துவிட்டாள். அலை வரைந்து, அதற்குள் வீடு வரைந்து, நீட்டினாள். அந்த வாரத்தில் அவளிடம் தாளைக் கொடுத்த நான்காவது குழு நாங்கள். எங்களில் ஒருவர் தாளை எடுத்து வைத்துவிட்டு, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். ஸ்கிப்பிங் கயிறு வேண்டுமாம். கயிறு வந்தது. மாலைக்குள் பதினொரு பிள்ளைகள் முறைபோட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைக்கு வேண்டியது தெரிந்த முகமும் நேரப்படி நடக்கும் நாளும். பெற்றோரிடமிருந்தோ வளர்த்தவரிடமிருந்தோ பிரிக்காதீர்கள். பிரிந்திருந்தால் சேர்த்துவைப்பதே முதல் சிகிச்சை. பள்ளியை, மரத்தடியிலாவது, சீக்கிரம் தொடங்கச் சொல்லுங்கள். படுக்கையை நனைக்கும் பிள்ளையை அடிக்கவேண்டாம், பேரிடருக்குப் பின் இது வழக்கம்தான் என்று தாயிடம் சொல்லுங்கள். மரணத்தை "தூங்குகிறார்", "வெளியூர் போயிருக்கிறார்" என்று மறைக்காமல், வயதுக்கேற்ற சொல்லில் உண்மையைச் சொல்ல வீட்டாருக்கு உதவுங்கள்.

இனி, எல்லோரும் மறந்துவிடும் சிலர். பேரிடருக்கு முன்பே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் மாத்திரை வெள்ளத்தோடு போயிருக்கும். அவர் அழமாட்டார், வரிசையில் வரமாட்டார், ஒரு மூலையில் கிடப்பார். வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்தவருக்கு அது சட்டென்று நின்றால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகியவருக்குச் சரக்கு கிடைக்காமல் இரண்டு மூன்று நாள் ஆனால் நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, பிதற்றல் என்று வரும். அதை அதிர்ச்சி என்று நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் ஆளையே இழக்க நேரும். இவர்களை மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும், அதுவும் அன்றைக்கே. ஒருவர் சாகவேண்டும் என்று பேசினாலும் அப்படியே: நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், கூட ஒருவர் இருக்க மருத்துவரிடம் சேருங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உளவியல் படித்த உங்கள் நால்வரில் இருவரை இந்த ஒரு வேலைக்கே ஒதுக்குங்கள்: பாய் பாயாகப் போய், "வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா?" என்று கேட்பது.

தூக்க மாத்திரை கேட்டு நிறையப் பேர் வருவார்கள். முதல் மாதத்தில் அதிர்ச்சிக்கும் தூக்கமின்மைக்கும் டயஸிபாம் வகை மாத்திரைகளைக் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டி சொல்கிறது. உங்கள் குழுவில் மருத்துவர் இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். உண்மையில் நீங்கள் கேட்டிருக்கவேண்டியது எந்த மாதம் என்று. முதல் வாரத்தில் ஊரே ஒன்றுகூடி நிற்கும். லாரி லாரியாகப் பொருள் வரும். அந்த உற்சாகத்தில் துக்கம்கூடத் தள்ளி நிற்கும். கேமராக்கள் போனபின், இழப்பீட்டுக் காகிதம் அலுவலகம் அலுவலகமாக அலையும் காலத்தில், கடன்காரர் வாசலுக்கு வரும்போது, மூன்றாம் மாதம் நான்காம் மாதம் மனிதர்கள் உடைகிறார்கள். குடி கூடும், வீட்டுக்குள் அடி உதை கூடும். முதலாண்டு நினைவுநாள் நெருங்கும்போது தணிந்ததெல்லாம் மறுபடி கிளம்பும். அப்போது முகாமில் ஒரு தன்னார்வலரும் இருக்கமாட்டார். தூக்கமின்மை, விரக்தி, வேலையில் கை ஓடாமை ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டத்தில் முறையான உதவி பலன் தரும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து அமர்வு முறை ஒன்று உண்டு. வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மூச்சைச் சீராக்குவது, கையில் உள்ள பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்ப்பது, விட்டுப்போன வேலைகளை மறுபடி தொடங்குவது, துணையைத் தேடிக்கொள்வது ஆகியவை அதில் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மேற்பார்வையோடு நடத்தலாம்.

இந்தோனேசியாவின் அச்சே மாகாணம் 2004-க்கு முன் மனநலத்துக்கென்று ஒரே ஒரு மருத்துவமனையை வைத்துக்கொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த பணத்தையும் கவனத்தையும் கூடாரங்களிலேயே கரைத்துவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மாவட்டப் பொது மருத்துவமனைகள் சிலவற்றிலும் மனநலப் பிரிவு வந்தது. சில ஆண்டுகளில் கிராமத்து நோயாளி வீட்டருகிலேயே மருந்து வாங்கும் நிலை உருவானது. வெளியிலிருந்து போன குழுக்கள் திரும்பிப் போன பிறகும் அது நின்றது.

ஆகவே உங்கள் இருபது பேரை இப்படிப் பிரிப்பேன். ஆறு பேர் இப்போது போகட்டும், மூன்று வாரம் தங்கும் ஆட்களாக. நாளுக்கு நாள் முகம் மாறக்கூடாது. ஒருவர் தொடர்ந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் முகாமில் நிற்கவேண்டாம், வாரத்தில் ஒருநாள் கட்டாய ஓய்வு. உள்ளூர்ச் சுகாதார ஊழியரும் வீட்டை இழந்தவராக இருப்பார் என்பதை மறக்காதீர்கள். அவருக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைக்க நீங்கள் அவர் வேலையைச் செய்தால், அது நூறு அமர்வுக்குச் சமம். மற்ற பதினான்கு பேர் இப்போது கிளம்பாமல், ஐந்து அமர்வு முறைக்கான பயிற்சியில் சேரட்டும். மூன்றாம் மாதம் அவர்கள் முறை.

கிளம்பும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் உள்ளூர் ஊழியரின் கைக்குப் போகவேண்டும். யாருக்கு எந்த மாத்திரை, யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் ஆள் இன்னும் கிடைக்கவில்லை — சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரை மட்டும் எழுதுங்கள். பட்டியல் ஒட்டியிருக்கும் தூணில், நீங்கள் கிளம்பும் தேதியை ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.